வானொலி ஒப்படைப்பு: விமானி செய்ய வேண்டியவை

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் உங்களை அடுத்த கட்டுப்பாட்டாளரிடம் ஒப்படைக்கும்போது விமானத்தின் அழைப்புப் பெயர், அடுத்த நிலையம், அலைவரிசை எண் என்ற வரிசையில் சொல்வார். ‘கான்டாக்ட்’ என்றால் அங்கே போய்க் கூப்பிட வேண்டும். ‘மானிட்டர்’ என்றால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், அவர்களே அழைப்பார்கள்.

அலைவரிசை எண்ணை ஸ்டாண்ட்பையில் (வானொலியில், பயன்பாட்டில் இல்லாத எண் காத்திருக்கும் இடம்) ஏற்றி, அதையும் அழைப்புப் பெயரையும் திருப்பிச் சொல்லுங்கள். சொன்ன கையோடு மாற்றிவிடாதீர்கள்; ஓரிரு நொடி பொறுங்கள். 132.45 என்றதை 134.25 என்று கேட்டிருந்தால், திருத்தம் பழைய அலைவரிசையில்தான் வரும். ஒரே மாதிரி ஒலிக்கும் அழைப்புப் பெயர் இன்னொரு விமானத்துக்கும் இருந்தால், அதற்கான ஒப்படைப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவதும் நடக்கும்.

மாற்றியதும் முதலில் காது, பிறகுதான் வாய். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்பவருக்குக் கீச்சொலிதான் மிஞ்சும். முதல் அழைப்பில் நிலையத்தின் பெயர், உங்கள் அழைப்புப் பெயர், இப்போது கடக்கும் உயரம், அனுமதிக்கப்பட்ட உயரம். திசையோ வேகமோ விதித்திருந்தால் அதுவும். நீங்கள் சொல்லும் உயரத்தைத் தன் ரேடார் திரையில் தெரிவதோடு புதிய கட்டுப்பாட்டாளர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

பதில் இல்லையா? ஒலியளவையும் எண்ணையும் சரிபார்த்து மறுபடி கூப்பிடுங்கள். அப்படியும் மௌனமென்றால் பழைய அலைவரிசைக்கே திரும்புங்கள். முந்தைய எண்ணை ஸ்டாண்ட்பையில் உடனே அழிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.