ஆரஞ்சு சாஸ் சொதப்பினது, அப்புறம் சரியானது: என் அனுபவம்

பிரெஞ்சுக்காரங்க வாத்துக்கு ஊத்துற ஆரஞ்சு சாஸ் இருக்கே, அத முதல் தடவ செஞ்சப்ப ஜாம் மாதிரி ஒரே தித்திப்பு, போதாததுக்கு நாக்குல ஒட்டுற கசப்பு வேற, வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு தட்ட நகர்த்திட்டார். பழைய முறைல போடுறது பிகராட்னு ஒரு புளிப்பும் கசப்புமான ஆரஞ்சாம், நான் போட்டதோ கடைல கிடைக்கிற இனிப்பு ஆரஞ்சு, அதுக்கு மேல சர்க்கரையும்!

ரெண்டாவது தடவ 3 ஸ்பூன் சர்க்கரைய வெறும் சட்டில உருக்கி, தேன் கலர் வந்ததும் 3 ஸ்பூன் வினிகர் ஊத்துனேன் (மூஞ்ச தள்ளி வச்சுக்கங்க, ஆவி கண்ண எரிக்கும்), டக்குன்னு கல்லு மாதிரி இறுகுச்சு, பயந்துட்டேன், சிம்ல வச்சா தானா கரைஞ்சிடுது. அதுல வாத்து எலும்பு ஸ்டாக் (எலும்ப வேகவச்சு வடிகட்டின தண்ணி), 2 ஆரஞ்சு ஜூஸ், கொஞ்சம் எலுமிச்சை விட்டு சுண்ட வச்சேன். கசப்புக்கு காரணம் தோலோட வெள்ளப் பகுதி, அதனால மேல் தோல மட்டும் மெல்லிசா சீவி கொதிக்கிற தண்ணில ரெண்டு வாட்டி போட்டு எடுத்து சாஸ்ல சேர்த்தேன். அடுப்ப அணைச்சிட்டு ஒரு துண்டு வெண்ணெய், அவ்ளோதான்.

சாஸ வாத்தோட மொறுமொறு தோல் மேல ஊத்தாதீங்க, நமத்துரும், பக்கத்துல விடுங்க. உருகின வாத்துக் கொழுப்புல உருளைக்கிழங்கு வறுத்தோம், அதுதான் முதல்ல காலியாச்சு.