பேரிங் சூடானால் ஆயில் பிரஷரை ஏற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

டர்பைன், பெரிய மோட்டார், பம்ப் என்று ஜர்னல் பேரிங் (பந்து, உருளை இல்லாமல் எண்ணெய்ப் படலத்தின் மேல் ஷாஃப்ட் சுழலும் பேரிங்) உள்ள எந்த மெஷினிலும் பாபிட் (பேரிங்கின் உட்புறத்தில் பூசியிருக்கும் மென்மையான உலோகம்) டெம்பரேச்சர் கொஞ்சம் ஏறியதும் பலருக்கும் கை முதலில் போவது ஆயில் பிரஷர் வால்வுக்குத்தான். பம்ப் தரும் பிரஷர்தான் ஷாஃப்ட்டைத் தூக்கி நிறுத்துகிறது என்ற எண்ணத்தில் செய்வது இது. பம்ப் தருவது பெரும்பாலும் 1, 1.5 பார்தான். சுழலும் ஷாஃப்ட் எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குறுகிப்போகும் இடைவெளிக்குள் நுழைகிறதே, அங்கே உண்டாகும் பிரஷர் அதைவிடப் பல மடங்கு. பம்பின் வேலை அந்த வாசல் வரை போதுமான எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அவ்வளவுதான். க்ரூவ், அதாவது பேரிங்குக்குள் எண்ணெய் வந்து சேரும் பள்ளம், நிறையாமல் பேரிங் பட்டினி கிடந்தால் பிரஷரை ஏற்றியதும் சூடு நன்றாகவே குறையும். க்ரூவ் ஏற்கெனவே நிறைந்திருந்தால், கூடுதல் எண்ணெயில் பெரும்பகுதி ஓரமாக வழிந்து ரிட்டர்ன் லைனுக்குப் போய்விடும், பாபிட் சூட்டில் பெரிய மாற்றம் இருக்காது.

எண்ணெய் எந்த இடத்தில் நுழைகிறது என்பதும் முக்கியம். 1883-இல் இங்கிலாந்தில் பூஷாம்ப் டவர் ரயில் அச்சு பேரிங்கை வைத்துச் சோதனை செய்தபோது, எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில், அதாவது லோடு விழும் இடத்திலேயே, ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் அந்தத் துளை வழியாக வெளியே பொங்கியது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. கேஜ் மாட்டினால் முள் 200 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டியது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதிய எண்ணெய் ஃபிலிம் (படலம்) கோட்பாடு இதிலிருந்து பிறந்ததுதான். இன்றைக்கும் ஓவர்ஹாலில் பேரிங்கின் பாதி வளையமான ஷெல்லைத் திருப்பி மாட்டி சப்ளை துளை லோடு பகுதிக்கு வந்துவிட்டால் அதே கதைதான், போக வேண்டிய இடத்துக்கு எண்ணெய் போகாது.

அப்புறம் கூலர். "சூடா இருக்கா, இன்னும் குளிர்ச்சியா விடு" என்பார்கள். வி.ஜி. 46 (பிசுக்கைக் குறிக்கும் தர எண்) எண்ணெயின் பிசுக்கு 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக்ஸ், 60 டிகிரிக்குப் போனாலே பாதிக்கும் கீழே வந்துவிடும். 200 மி.மீ. ஷாஃப்ட் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது அதன் மேற்பரப்பு நொடிக்கு 31 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, மெல்லிய ஃபிலிமுக்குள் அந்த வேகத்தில் எண்ணெய் அரைபடுவதில்தான் சூடே பிறக்கிறது. எண்ணெய் கெட்டியானால் அந்தச் சூடும் கூடும், அதனால் சப்ளையை 10 டிகிரி குறைத்தாலும் பாபிட்டில் 10 டிகிரி குறையாது. லேசான லோடில் ஓடும் ஷாஃப்ட் என்றால் நடுவுக்கு ஏறி ஆயில் வேர்ல் (எண்ணெய்ப் படலமே ஷாஃப்ட்டைச் சுற்றித் தள்ளுவது) வைப்ரேஷனும் வரலாம். மேனுவலில் 45 டிகிரி என்று இருந்தால் 45-லேயே வையுங்கள். இன்னொன்று, கூலரிலிருந்து 45 டிகிரியில் வரும் எண்ணெய் 45 டிகிரியிலேயே ஃபிலிமுக்குள் நுழையும் என்றும் நினைக்காதீர்கள், ஏனென்றால் ஒரு சுற்று முடித்த சூடான எண்ணெய் ஷாஃப்ட்டோடு ஒட்டிவந்து க்ரூவில் புது எண்ணெயோடு கலந்துவிடுகிறது. புது எண்ணெய் எவ்வளவு குறைகிறதோ, பழைய சூட்டின் பங்கு அவ்வளவு கூடும்.

ரிட்டர்ன் லைனைத் தொட்டுப் பார்த்து "நார்மல்தான்" என்று சொல்வதும் ஆபத்து. அங்கே வருவது ஃபிலிமில் வெந்த எண்ணெயும் ஓரமாக வழிந்த எண்ணெயும் சேர்ந்த கலவை. ரிட்டர்ன் 60 காட்டும் நேரத்தில் பாபிட் 90-இல் இருக்கலாம். சென்சார் பாபிட்டுக்குள், லோடு கோட்டைத் தாண்டி ஷாஃப்ட் சுற்றும் திசையில் சற்றுத் தள்ளி இருந்தால்தான் உண்மையான உச்சம் தெரியும்.

ஒரு மெஷினில் ஓவர்ஹாலுக்குப் பிறகு ஒரே ஒரு பேரிங் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக ஓடியது. ஹெடர் (எல்லா பேரிங்குக்கும் எண்ணெய் பிரிந்து போகும் பொதுக் குழாய்) கேஜில் பிரஷர் சரி, கூலர் சரி, ஃபில்டரும் புதுசு. இரண்டு நாள் பிரஷரை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். கடைசியில் திறந்தபோது, ஹவுசிங் ஜாயின்ட்டில் தாராளமாகப் பூசிய சீலன்ட் பிதுங்கி, சப்ளை துளையின் வாயில் பாதிக்கு மேல் சிவப்பாக உறைந்து கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து மாட்டி ஓட்டினோம், மற்ற பேரிங்குகளின் அளவுக்கே சூடு இறங்கிவிட்டது. ஹெடரில் உள்ள கேஜுக்கு அந்தத் துளை தெரியவே தெரியாது.