துப்பாக்கி ஓய்ந்த பிறகு: தளபதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்காரர். 2001-02இல் பாகிஸ்தானோடு போர்ப் பதற்றம் மூண்டபோது நம் ராணுவம் பஞ்சாப் எல்லை வயல்களில் புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுத்தவர்களில் ஒருவர். "படையை வாபஸ் வாங்கியாச்சுன்னு செய்தியில சொல்லிடுவாங்க தம்பி. எங்களுக்கு வேலை அன்னிக்குத்தான் ஆரம்பம்" என்பார். சொல்லிக்கொண்டே கைத்தடியைச் சாய்த்து மண்ணில் குத்திக் காட்டுவார். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். இரண்டு விரற்கடை நகர்ந்து அடுத்த குத்து. ஒரு வயலுக்கே நாள்கணக்கில் ஆகும்.

போர் முடிந்ததும் தளபதியின் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் அமெரிக்கப் படையிடம் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் இருந்தது, ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமைக்கு இல்லை. ஆக்கிரமித்த இடத்தில் பொது ஒழுங்கைக் காப்பது அந்தப் படையின் கடமை என்று போர் குறித்த சர்வதேச உடன்படிக்கையான 1907ஆம் ஆண்டு ஹேக் விதிமுறைகளின் 43ஆம் பிரிவே சொல்கிறது. ஊரைப் பிடிக்கும் திட்டத்தோடு, பிடித்த மறுநாள் எந்தத் தெருமுனையில் யார் நிற்பது என்ற திட்டமும் தளபதியின் மேசையில் இருந்தாக வேண்டும்.

தோற்ற படையை அப்படியே தெருவில் விடுவது அடுத்தது. அதே ஆண்டு மே 23 அன்று ஈராக் ராணுவம் ஒரே உத்தரவில் கலைக்கப்பட்டது. உத்தரவு போட்டது அமெரிக்கா அமைத்த சிவில் நிர்வாகம். விளைவைச் சுமந்தது களத்தில் நின்ற தளபதிகள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய ராணுவ அறிவு வேண்டியதில்லை. இப்படி ஒரு உத்தரவு வரும்போது களநிலவரத்தை மேலிடத்தில் அழுத்திச் சொல்வதும் தளபதியின் வேலைதான்.

கையில் துப்பாக்கி இருப்பதாலேயே எல்லாவற்றுக்கும் அதை நீட்டுவது இன்னொன்று. கொரியாவில் 1953இல் சண்டை நின்றபின், நாடு திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைக் காக்க இந்தியப் படை போனது. ஒருநாள் கைதிகள் நம் அதிகாரி ஒருவரைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். சுட்டிருந்தால் பிணங்கள் விழுந்திருக்கும். அந்தப் படையின் தளபதி மேஜர் ஜெனரல் தோரட் கம்பிவேலிக்குள் தானே நடந்து போய்ப் பேசி, அதிகாரியை மீட்டு வந்தார். போருக்குப் பிந்தைய தலைமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நடைதான்.

என்ன வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டு வாங்காமல் கிளம்புவதும் தவறு. 1987 ஜூலை இறுதியில் இலங்கைக்கு அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் சுமார் 1,200 வீரர்களை இழந்தது. தமிழ் மக்கள் பட்டதை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது. சுபேதாரும் அங்கே இருந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இவை எல்லாவற்றையும்விட என் மனம் ஆறாதது, வேலை முடிந்தும் நகராமல் இருப்பது. 2009 மே மாதத்தில் இலங்கையின் வடக்கே வன்னியில் போர் முடிந்தது. மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள் முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். அவற்றில் மிகப் பெரியதான மெனிக் ஃபார்ம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். யாழ்ப்பாணத்தில் படைத் தளபதியாக இருந்தவரே வடக்கின் ஆளுநரானார். ராணுவம் பிடித்துவைத்த சொந்த நிலத்தைக் கேட்டு 2017இலும் முல்லைத்தீவுப் பக்கத்துக் கேப்பாப்பிலவு கிராம மக்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்சியையும் வயலையும் கையில் வைத்துக்கொண்டு, மக்கள் நம்பவில்லையே என்று எந்தத் தளபதியும் வருத்தப்பட முடியாது.

நகர்ந்த கதையும் உண்டு. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு நடந்தது. 1972 மார்ச் 12 அன்று அதே ஊரில் இந்தியப் படை விடைபெறும் அணிவகுப்பை நடத்தியது. இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

வயலைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று சுபேதாரிடம் ஒருமுறை கேட்டேன். "காகிதத்துல கையெழுத்துப் போட்டா விவசாயி நம்ப மாட்டாரு தம்பி. அவர் வரப்புல நின்னு பாக்கணும். நாங்க வரிசையா வயல்ல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டுவோம். அப்புறம்தான் அவர் டிராக்டரை இறக்குவாரு."