பழைய அமெரிக்க மடக்குக் கத்தி, மேகசின் பிரீமியம் சேர்க்கப் போறீங்களா? காகிதத்துல இருந்து ஆரம்பிங்க

மேகசின் பிரீமியம்னா சந்தா பிடிச்சுக் கொடுத்தவங்களுக்கு பத்திரிகை கொடுத்த பரிசு, அதுல மடக்குக் கத்தியும் உண்டு. அப்படிப் பழைய மடக்குக் கத்தி ஒண்ணு கைக்கு வந்ததும் எல்லாரும் முதல்ல பிடியைத்தான் பாப்பாங்க, எலும்பா மான்கொம்பா, கலர் எப்படின்னு. நீங்க அதை அப்புறம் பாருங்க. பெரிய பிளேடைத் திறந்து, அது பிடிக்குள்ள போய் மாட்டுற அடிப்பகுதி இருக்குல்ல, அதுக்குப் பேர் டேங், அதுல அடிச்சிருக்கிற முத்திரையை பத்து மடங்கு பெருசாக் காட்டுற ஒரு லூப், அதாவது சின்ன பூதக்கண்ணாடி வெச்சுப் படிங்க. கத்தியோட ஜாதகமே அங்கதான் இருக்கு.

பழகிக்கிறதுக்கு நல்ல கம்பெனின்னா பென்சில்வேனியா பிராட்ஃபோர்டுல இருக்கிற கேஸ். 'டெஸ்டெட் எக்ஸ் எக்ஸ்'னு இருந்தா 1920ல இருந்து 1940க்குள்ள. வெறும் 'கேஸ் எக்ஸ் எக்ஸ்' மட்டும் இருந்தா 1940 முதல் 1964 வரை. அதுக்குக் கீழ 'யு.எஸ்.ஏ.' சேர்ந்திருந்தா 1965 முதல் 1969. 1970ல முத்திரைக்குக் கீழ 10 புள்ளி வெச்சாங்க, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணா குறைச்சுக்கிட்டே வந்து 1979ல ஒரே ஒரு புள்ளியில வந்து நின்னாங்க, அதனால புள்ளியை எண்ணத் தெரிஞ்சா வருஷம் தெரிஞ்சிடும். மாடல் நம்பர்லயும் கணக்கு இருக்கு. 6254ன்னா 6 எலும்புப் பிடி, 2 ரெண்டு பிளேடு, 54 டிராப்பர்ங்கிற வடிவம். முதல் எண் 5ன்னா மான்கொம்பு, 3ன்னா மஞ்சள் பிடி.

ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி முதல் உலகப்போர் முடிஞ்சதும் 1920 வாக்குல கனெக்டிகட் பிரிட்ஜ்போர்ட்ல கத்தி செய்ய ஆரம்பிச்சு 1940 வரைக்கும் செஞ்சாங்க. அவங்க நம்பர்ல கடைசி எண்தான் பிடியைச் சொல்லும், ஆர் 1123ல அந்த 3 எலும்பு. பிடியில குட்டி தோட்டா வடிவ ஷீல்டு, அதாவது அலங்கார உலோக வில்லை பதிச்ச 'புல்லட்' கத்திங்க இவங்களோடதுதான், இருக்கிறதுலயே அதிகமா டூப்ளிகேட் வர்ற ரகமும் அதுதான், நீங்க இதுக்குப் புதுசுன்னா அது பக்கமே போகாதீங்க. முத்திரையில 'ஜெர்மனி'ன்னு இருந்தா அது அமெரிக்கக் கத்தி இல்ல, ஆனா 1890ல வந்த மெக்கின்லி வரிச் சட்டம்தான் இறக்குமதி சாமான்ல நாட்டுப் பேர் போடணும்னு சொன்னது, அதனால அது அதுக்கு அப்புறம் வந்ததுன்னாவது தெரியும்.

இப்ப மேகசின் கதைக்கு வரேன், எனக்கு இதுதான் உயிர். பாஸ்டன்ல இருந்து 1827 தொடங்கி 1929 வரைக்கும் வந்த 'யூத்ஸ் கம்பேனியன்' வருஷா வருஷம் அக்டோபர்ல பிரீமியம் லிஸ்ட்னு ஒரு தடி இதழ் போடும். பசங்க அக்கம்பக்கத்துல போய் புது சந்தா பிடிச்சுக் கொடுத்தா பரிசு, அதுல கத்தி, சுவர்ல படம் காட்டுற மேஜிக் லாண்டர்ன், ரம்பம், பொம்மைன்னு பக்கம் பக்கமா படம் இருக்கும். வருஷ சந்தா ரொம்ப காலம் 1.75 டாலர், அந்தக் காலத்துல சின்னக் காசு இல்ல, ஒரு கத்திக்காக ஒரு பையன் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான்னு நினைச்சுப் பாருங்க. அதே மாதிரி ஃபிலடெல்ஃபியா கர்ட்டிஸ் கம்பெனி 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' வித்த பசங்களுக்கு பச்சை, பழுப்புன்னு வவுச்சர் கொடுக்கும், கிரீனி பிரவுனின்னு பசங்க சொல்லுவாங்க, சேர்த்து வெச்சு பரிசு கேட்டலாக்ல இருந்து சாமான் வாங்கிக்கலாம். அந்த வவுச்சர், கேட்டலாக் எல்லாமே இப்ப சேகரிக்கிற பொருள்தான்.

சிக்கல் என்னன்னா இப்படிப் பரிசா போன கத்தியில மேகசின் பேர் பொதுவா இருக்காது. வழக்கமான கம்பெனிக் கத்தியையே வாங்கிக் கொடுத்தாங்க. அப்ப 'இது பிரீமியம் கத்தி'ன்னு எதை வெச்சுச் சொல்றது? அதனாலதான் சொல்றேன், கத்தியை வாங்குறதுக்கு முன்னாடி லிஸ்ட்டை வாங்குங்க, வாங்க முடியலன்னா இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இணைய நூலகத்துல ஸ்கேன் தேடிப் படியுங்க.

நான் இதுல சூடு பட்டவன். ஆரம்பத்துல பென்சில்வேனியாவுல ஒரு சந்தையில ஒருத்தர், 'எங்க தாத்தா யூத்ஸ் கம்பேனியன் சந்தா பிடிச்சு வாங்கினது'ன்னு கண்ணு கலங்க ஒரு கேஸ் கத்தியை நீட்டினாரு, நானும் உருகிப்போய் 45 டாலர் கொடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து நிதானமா லூப்ல பாத்தா எக்ஸ் எக்ஸுக்குக் கீழ யு.எஸ்.ஏ. இருக்கு. மேகசின் நின்னது 1929, கத்தி பொறந்தது 1965க்கு மேல! தாத்தா சொர்க்கத்துல இருந்து சந்தா பிடிச்சிருப்பாரு போல. கத்தி நல்ல கத்திதான், இன்னும் வெச்சிருக்கேன், கதைக்குத்தான் காசு கொடுத்திருக்கேன்.

படத்தோட ஒப்பிடும்போது வரிசையா பாருங்க: பிளேடு எத்தனை, பெரிய பிளேடோட முனை எப்படி வளைஞ்சிருக்கு, பிடியோட முனையில இருக்கிற உலோகக் குமிழ் அதாவது போல்ஸ்டர் ஒரு முனையில மட்டுமா ரெண்டு முனையிலயுமா, ஷீல்டு என்ன வடிவம், மடக்கின நீளம் எத்தனை அங்குலம். அஞ்சும் பொருந்தினாலும் 'லிஸ்ட்ல இருக்கிற மாடல்'னுதான் நான் எழுதி வைப்பேன், 'பரிசா போன கத்தி'ன்னு எழுத மாட்டேன், ஏன்னா அதே மாடல் கடையிலயும் வித்திருக்கும். கூடவே அனுப்பின டப்பாவோ கடுதாசியோ இருந்தா அது வேற விஷயம், அதுக்கு தாராளமா காசு கொடுக்கலாம். இன்னொண்ணு, பைண்ட் பண்ணின பழைய மேகசின் தொகுதி வாங்கும்போது விளம்பரப் பக்கம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க, பைண்ட் பண்றவங்க நிறைய பேர் அதைக் கிழிச்சுப் போட்டுட்டுதான் தைச்சிருக்காங்க, நமக்கு வேண்டியதே அந்தக் குப்பைதான்.

விளம்பரக் கத்தியில பேர் போட்டதுதான் வேணும்னா பிடியில படம் வெச்ச கத்தி தேடுங்க. ஒஹாயோ கேன்டன்ல நாவல்டி கட்லரி, கேன்டன் கட்லரி, விஸ்கான்சின்ல ஏரியல் கட்லரி இவங்க எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுற செல்லுலாய்டுங்கிற பழைய காலத்து பிளாஸ்டிக்குக்கு அடியில போட்டோ, கடைப் பேர், சங்கத்துப் பேர்னு வெச்சுக் கொடுத்தாங்க. பாக்க அவ்வளவு அழகு. ஆனா செல்லுலாய்டு ஒரு விஷப் பாம்பு. வயசானா அதுல இருந்து அமில வாயு கசியும், தன் பிளேடையும் துருவாக்கி, அதே டப்பாவுல இருக்கிற பக்கத்து வீட்டுக்காரனையும் கெடுத்துடும். மத்த இடம் பளபளன்னு இருந்து பிடியை ஒட்டின பிளேடு மட்டும் துரு ஏறியிருந்தாலோ, உள்ள இருக்கிற பித்தளைத் தகடு பச்சை பூத்திருந்தாலோ ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். கட்டைவிரலால பிடியைச் சூடேற நல்லா தேய்ச்சு மோந்து பாருங்க, கற்பூர வாசனை வந்தா செல்லுலாய்டு. சிலர் சூடான ஊசியால குத்திப் பாக்கச் சொல்லுவாங்க, செஞ்சுடாதீங்க, அது குப்புன்னு பத்திக்கிற சரக்கு. எலும்புன்னா லூப்ல பொடிப்பொடியா துளை தெரியும், டெல்ரின் பிளாஸ்டிக்ல தெரியாது.

அடுத்து நிலைமை. பிளேடைத் திறந்தா ஸ்பிரிங் இழுத்துப் பிடிச்சு டக்குன்னு உக்காரணும், மடக்கும்போதும் அதே சத்தம், இதை அங்க 'வாக் அண்ட் டாக்'னு சொல்லுவாங்க. பக்கவாட்டுல ஆடக்கூடாது. தீட்டித் தீட்டி பிளேடு மெலிஞ்சிருக்கான்னு பாக்கணும், மடக்கினா முனை பிடிக்குள்ள ரொம்ப ஆழமா போய் ஒளிஞ்சுக்கிட்டா தேய்ஞ்ச பிளேடு. ஒரு பிளேடு கருத்தும் இன்னொண்ணு வெள்ளையாவும் இருந்தா பிளேடு மாத்தியிருக்கலாம். பிடியில இருக்கிற ஆணித்தலை புதுசா மின்னினா யாரோ பிரிச்சு மாட்டியிருக்காங்க. முத்திரை எழுத்து கூர்மையா இருந்து சுத்தி இருக்கிற இரும்பு மட்டும் பள்ளமா தேய்ஞ்சிருந்தா போலி முத்திரையோன்னு சந்தேகப்படுங்க.

சுத்தம் பண்றதுல கை அரிக்கும், அடக்கிக்கங்க. பஃபிங் மெஷின் பக்கம் போனா பாதி விலை போச்சு, சாணை பிடிக்கிறதும் அப்படித்தான். பல்குச்சியால உள்ள இருக்கிற அழுக்கை நோண்டி எடுத்து, மூட்டுல ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, மெத்துன்னு ஒரு துணியால துடைச்சா போதும். சாம்பல் கலர் படிஞ்சிருந்தா அது வயசு, விட்டுடுங்க. சிவப்பா உதிர்ற துரு மட்டும் எண்ணெய் போட்டு ஊறவெச்சு எடுக்கணும். தோல் உறையில போட்டு வைக்காதீங்க, பதப்படுத்தின ரசாயனம் இரும்பைத் தின்னும். செல்லுலாய்டை காத்தோட்டமான இடத்துல தனியா ஒதுக்கி வைங்க, மூடின டப்பா வேணாம். லிஸ்ட், வவுச்சர் எல்லாம் அமிலமில்லாத உறைக்குள்ள, லேமினேஷன் கூடாது, டேப் ஒட்டவே கூடாது.

இறந்தவங்க வீட்டுச் சாமானை மொத்தமா விக்கிற எஸ்டேட் சேல்ல தையல் டப்பா, கருவிப் பெட்டி அடியில எல்லாம் கையை விட்டுப் பாருங்க, மேஜையில அடுக்கி வெச்சதை எல்லாரும் பாத்திருப்பாங்க. ஜூன்ல அட்லாண்டாவுல நடக்கிற பிளேட் ஷோங்கிற கத்திக் கண்காட்சிக்கு ஒரு தடவை போய், எதுவும் வாங்காம, நல்ல கத்தியைக் கேட்டு வாங்கித் திறந்து மூடிப் பழகுங்க, காதுக்கு அந்த டக் சத்தம் பழகிடணும். ஆன்லைன்ல வித்து முடிஞ்ச விலையை மட்டும் பாருங்க, கேக்குற விலை அவங்கவங்க ஆசை. கத்தியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு பிளைட் ஏறப் போயிடாதீங்க, செக்-இன் பெட்டியில போட்டுடுங்க.

வாங்கின அன்னைக்கே ஒரு சின்ன அட்டையில முத்திரை, நீளம், வாங்கின இடம், கொடுத்த காசு, விக்கிறவர் சொன்ன கதை எல்லாம் எழுதி வைங்க. கதைக்கு முன்னாடி 'சொன்னார்'னு போட மறக்காதீங்க.