சிகாகோவைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகாகோவின் வரலாற்றை எழுதப் புகும் பலர் முதலில் இடறுவது ஒரு பசுமாட்டின் மீதுதான். 1871 அக்டோபர் 8 இரவில் மூண்டு, ஏறத்தாழ 300 பேரின் உயிரைக் குடித்து, 1 லட்சம் பேரை வீதிக்குக் கொண்டுவந்த பெருந்தீ, ஓலியரி என்ற அயர்லாந்துப் பெண்ணின் மாடு விளக்கை உதைத்ததால் பிடித்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அவருடைய கொட்டிலருகே தீ தொடங்கியது உண்மை. மாடும் விளக்கும் அன்றைய செய்தித்தாள்கள் கட்டிவிட்ட கதை. தென்மேற்குக் காற்று நெருப்பை எதிர்த்திசையில் ஓட்டியதால் அவர் குடியிருந்த வீடு தப்பியது, வதந்திக்கு எண்ணெய் வார்த்திருக்கும். நகர மன்றம் அவரைப் பழியிலிருந்து விடுவித்தது 1997இல்தான்.

சிகாகோ ஆறு மிச்சிகன் ஏரியில் கலக்கிறது என்பது அடுத்த பிழை. முன்பு அப்படித்தான் கலந்தது; ஊரின் சாக்கடையையும் உடன் கொண்டுபோனது. குடிநீரும் அதே ஏரியிலிருந்து வந்ததால், 1900இல் 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். இன்று டுசேபிள் பாலத்தில் ஏரிக்கு முதுகு காட்டி நின்றால், நீர் நம் பின்புறமிருந்து வந்து மேற்கே மெல்ல நகர்ந்து, கடைசியில் மிசிசிப்பியைச் சேர்கிறது. இதைச் சொல்லும்போது, 1885 மழைவெள்ளத்துக்குப் பின் காலராவிலும் டைபாய்டிலும் 90,000 பேர் மாண்டதாகச் சேர்த்துவிடாதீர்கள். புயல்மழை பெய்தது, அச்சமும் பரவியது. ஆனால் நகரின் எட்டில் ஒரு பங்கை வாரிச்சென்ற அப்படியொரு கொள்ளைநோய் வரவே இல்லை.

‘காற்று நகரம்’ என்ற பட்டப்பெயரை 1893 உலகக் கண்காட்சியின்போது நியூயார்க் இதழாசிரியர் ஒருவர் சூட்டினார் என்பதும் பிசகு. 1870களிலேயே சின்சினாட்டி இதழ்களில் அது வந்துவிட்டது. அதில் ஏரிக்காற்றோடு அந்த ஊராரின் வாய்ச்சவடாலுக்கும் ஒரு குத்து உண்டு. தமிழில் பெயர்க்கும்போது அந்தக் கிண்டல்தான் முதலில் உதிர்கிறது. இல்லினாய் மாநிலத்தின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு, சிகாகோ அன்று.

நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை விவேகானந்தரைப் பற்றியது. சென்னை அன்பர்கள் நிதி திரட்டி அனுப்பிவைத்த அவர், 1893 செப்டம்பர் 11 அன்று கண்காட்சித் திடலில் பேசவில்லை. திடல் தெற்கே ஜாக்சன் பூங்காவில் இருந்தது. சர்வசமய மாநாடு கூடியதோ நகர மையத்தில், மிச்சிகன் நிழற்சாலையில், இன்று கலை நிறுவனம் இயங்கும் கட்டடத்தில். அங்குள்ள புல்லர்டன் அரங்கின் படத்தைப் போட்டு ‘இதே மேடை’ என்று எழுதுவதும் சரியன்று. அவர் பேசிய கூடம் மாநாடுகளுக்காகத் தற்காலிகமாக எழுப்பப்பட்டது. புல்லர்டன் அரங்கு பின்னாளில் கட்டப்பட்டது.