நியூயார்க் பிரைமரி: ஓட்டு வீணாவது எங்கே?

நியூயார்க் நகர மேயர் யார் என்பது பெரும்பாலும் நவம்பர் வரை காத்திருப்பதில்லை, ஜூன் மாதமே முடிவாகிவிடுகிறது. பதிவான வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்பதால், அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிதான் உண்மையான போட்டி. 2021இல் எரிக் ஆடம்ஸும் 2025இல் சோரான் மம்தானியும் அப்படித்தான் மேயரானார்கள்.

ஆனால் முதல் பெரிய தவறு ஜூனில் நடப்பதில்லை, பிப்ரவரியில் நடக்கிறது. கட்சியில் பதிந்தவருக்கு மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டு. பதிவுப் படிவத்தில் "எந்தக் கட்சியிலும் சேர விருப்பமில்லை" என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டு, பிறகு மறந்துபோனவர்கள் ஏராளம். கட்சி சாராத வாக்காளர்கள் நகரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டுவார்கள். கட்சியில் பதிவது என்றால் சந்தா கிடையாது, கூட்டம் கிடையாது, படிவத்தில் ஒரு டிக் மட்டும்தான். ஏற்கெனவே பதிவு செய்தவர் கட்சி மாறவோ புதிதாகச் சேரவோ விரும்பினால், படிவம் பிப்ரவரி 14க்குள் தேர்தல் வாரியத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முதன்முறை வாக்காளராகப் பதிபவருக்கு மட்டும் பிரைமரிக்கு 10 நாள் முன்புவரை அவகாசம் உண்டு. இந்தக் கெடு முன்பு இன்னும் மோசமாக, முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே இருந்தது. 2016இல் டொனால்ட் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் சொந்த அப்பாவுக்கே பிரைமரியில் ஓட்டுப் போட முடியாமல் போனது அதனால்தான். ஜனவரியிலேயே தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் பெயருக்கு நேரே எந்தக் கட்சி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. குடியுரிமை இல்லாதவர்களும் நகரத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று மாநகர சபை கொண்டுவந்த சட்டத்தை மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் (Court of Appeals) 2025 மார்ச்சில் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் கவுன்ட்டரில் நீட்டப்படும் வாக்காளர் பதிவுக் கட்டத்தை யோசிக்காமல் டிக் செய்தால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும்.

இனி ஓட்டுச் சீட்டு. பிரைமரியில் ஒருவரை மட்டுமல்ல, ஐந்து பேர்வரை விருப்ப வரிசைப்படி குறிக்கலாம். இடப்பக்கம் வேட்பாளர் பெயர்கள், வலப்பக்கம் 1 முதல் 5 வரை வரிசையாக முட்டை வடிவக் கட்டங்கள். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எண் எழுதிப் பழகியவர்கள் இங்கும் எழுதிவிட வேண்டாம். கட்டத்தைத்தான் கருமையாக்க வேண்டும். முதல் விருப்ப ஓட்டில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இரண்டு பேர் மிஞ்சும்வரை இது தொடரும்.

தன் ஆளுக்கே ஐந்து கட்டத்தையும் நிரப்பினால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. அது ஒரே ஓட்டாகத்தான் கணக்காகும், மற்ற நான்கு வாய்ப்பும் போச்சு. இரண்டாவது விருப்பம் குறிப்பதால் முதலாமவருக்கு எந்தப் பாதகமும் இல்லை. அவர் களத்தில் இருக்கும்வரை அந்த இரண்டாவது பெயரைத் தொடவே மாட்டார்கள். ஒரே எண்ணின் கீழ் இரண்டு பேருக்குக் குறித்தால்தான் ஆபத்து: அந்த இடத்தோடு உங்கள் ஓட்டு நின்றுவிடும், அதற்குக் கீழே குறித்ததும் செல்லாது. சாவடியில் மெஷின் எச்சரித்தால் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதியது கேளுங்கள். தபாலில் போடுபவருக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது.

2021இல் ஆடம்ஸ் எட்டாவது சுற்றில் கேத்ரின் கார்சியாவை வென்றது வெறும் 7,197 ஓட்டில். குறித்த எல்லோரும் நீக்கப்பட்டுவிட்டதால் கடைசிச் சுற்றை எட்டாமல் தீர்ந்துபோன சீட்டுகளோ சுமார் 1,40,000. அத்தனையும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து இடத்தில் ஒன்றையாவது, முன்னணியில் இருப்பவர்களில் ஓரளவுக்கு ஏற்கத்தக்கவருக்குக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

தபால் ஓட்டில் உள் உறையில் கையெழுத்து விடுபடுவதுதான் அடிக்கடி நடப்பது. தபால் சீட்டு வாங்கியபின் மனம் மாறிச் சாவடிக்குப் போனால் மெஷினில் போட முடியாது. பிறகு சரிபார்த்து எண்ணப்படும் உறுதிமொழிச் சீட்டுதான் (affidavit ballot) தருவார்கள். முன்கூட்டியே வாக்களிக்க 9 நாள் தருகிறார்கள், ஆனால் அது ஞாயிறோடு முடிந்துவிடும், திங்கள் எதுவும் இல்லை. அந்த 9 நாள் சாவடியும் பிரைமரி நாளான செவ்வாய்க்கிழமைச் சாவடியும் வேறு வேறாக இருக்கலாம். சீட்டு தமிழில் கிடையாது. ஆங்கிலம் தடுமாறும் அப்பா அம்மாவுக்கு உதவியாக மகனோ மகளோ உள்ளே போக மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. முதலாளியும் தொழிற்சங்க நிர்வாகியும் மட்டும் கூடாது.

சீர்திருத்தம் கேட்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி: தவறான கதவைத் தட்டுவது. விருப்ப வரிசை முறையை நகர வாக்காளர்களே 2019இல் நகரின் அடிப்படைச் சட்டமான சாசனத்தின் திருத்தமாக நிறைவேற்ற முடிந்தது. அதனால் பிரைமரியில் யாரும் 40% எட்டாவிட்டால் நடக்கும் தனி மறுதேர்தல் ஒழிந்தது. வெளியே நிற்கும் கட்சி சாராதவர்களுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. கட்சி பேதமற்ற தேர்தல் வேண்டும் என்று 2003இல் மேயர் புளூம்பெர்க் முன்வைத்த திட்டத்தை மக்கள் நிராகரித்தார்கள். நகரத் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றும் யோசனையும் 2025 நவம்பரில் தோற்றது; வென்றிருந்தாலும் மாநில அரசியலமைப்பைத் திருத்தாமல் நடைமுறைக்கு வந்திருக்காது. பிப்ரவரி 14 கெடுவோ மாநிலச் சட்டம். அக்டோபர் கெடுவை 2019இல் மாற்றியதும் ஆல்பனியில் இருக்கும் மாநில சட்டமன்றம்தான். அதை ஜூனுக்கு நெருக்கமாகத் தள்ளச் சொல்லும் மனுவை மாநகர சபை உறுப்பினரிடம் கொடுத்துப் பயனில்லை. உங்கள் பகுதியின் மாநில செனட்டருக்கும் அசெம்பிளி உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.