பத்தாவது மேட்சுக்கும் 16 பேர்: கொங்குப் பெண்கள் கால்பந்துக் கிளப்புக்கு ஒரு சீசன் கையேடு

எட்டு அணி, இரண்டு சுற்று என்றால் ஒரு கிளப்புக்கு 14 மேட்ச். முதல் நாலைந்து மேட்சில் எல்லா அணிக்கும் பெஞ்ச் நிறைய ஆள் இருக்கும். பத்தாவது மேட்ச் வரும்போது ஒருத்திக்கு செமஸ்டர், ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தி அக்கா கல்யாணத்துக்குப் போயிருப்பாள், இன்னொருத்தி ரெட் கார்டு வாங்கி வெளியே. அந்த ஞாயிற்றுக்கிழமையும் 16 பேரோடு மைதானத்துக்கு வருகிற அணிதான் பெரும்பாலும் கோப்பை தூக்குகிறது.

தமிழ்நாட்டுப் பெண்களிடம் ஆட்டத்துக்குக் குறைவில்லை. சீனியர் தேசியப் பட்டத்தை 2018-லும் 2023-லும் மாநில அணி வென்றது. மதுரை சேது எஃப்.சி. 2018-19 சீசனில் இந்தியப் பெண்கள் லீகையே வென்றது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சிறு கிளப்புகள் தடுமாறுவது பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே உள்ள காரியங்களில்தான். இந்தக் கையேட்டில் அதற்கே அதிக இடம்.

ஆளும் காகிதமும்

22 பேரைப் பதிவு செய்யுங்கள். கோல் கீப்பர் 2, பேக் (தடுப்பு ஆட்டக்காரர்) 8, நடுவில் 7, ஃபார்வர்டு 5. இரண்டாவது கீப்பர் வேண்டாம், அவசரத்துக்கு யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்பது சிக்கனமில்லை. விரல் பிசகினால் ஆறு வாரம் போகும், அந்த ஆறு வாரத்தில் ஐந்து மேட்ச் போய்விடும்.

பதிவு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். இணையதளம் வழியாக நடக்கும். சிக்கல் வருவது பெரும்பாலும் இனிஷியலில். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துதான் இருக்கும், கல்யாணமான ஆட்டக்காரி என்றால் ஆதாரில் கணவர் பெயருக்கு மாறியிருக்கும். பதிவு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே 22 பேரின் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகாத ஆட்களைத் தனியாகக் குறித்து முதலில் திருத்த அனுப்புங்கள். போன வருடம் வேறு கிளப்புக்குப் பதிவானவர் என்றால் அந்தக் கிளப் விடுவித்த பிறகுதான் உங்கள் பெயருக்கு வருவார். கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். பயிற்சி, பயணம், தங்கல் எல்லாவற்றிலும் பெண் மேலாளர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பே கூடாது.

பஸ் நேரம்தான் பயிற்சி நேரம்

பயிற்சியை எத்தனை மணிக்கு வைப்பது என்பதைக் கோச் தனியாக முடிவு செய்யக் கூடாது. முதலில் டவுன் பஸ் நேரத்தை எழுதுங்கள். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் இலவசம். அதனால் காசு பிரச்சினை இல்லை, கடைசி பஸ்தான் பிரச்சினை. ஆறரைக்கு பஸ் என்றால் பயிற்சி 4.45-க்குத் தொடங்கி 6.10-க்கு முடிய வேண்டும். "இன்னும் பத்து நிமிஷம்" என்று நீட்டினால் அடுத்த வாரம் நாலு பேர் வர மாட்டார்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் இருந்தால் வாரநாளில் அவர்களுக்கு இரண்டு பயிற்சிக்கு மேல் கேட்காதீர்கள். ஞாயிறு காலை நிச்சயம் வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வீட்டில் வரும் கேள்வி ஊருக்கு ஊர் ஒன்றுதான்: "ஏனுங்க, வெயில்ல புள்ள கறுத்துப் போயிருமுங்களே, நாளைக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ஏதாச்சும் சொன்னா?" இதற்கு வாதம் செய்து ஜெயிக்க முடியாது. பெண் மேலாளர் நேரில் போய், நாலு மாதத்துக்கான தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்து, "ஆறே காலுக்கு முடியுமுங்க, பஸ்ல ஏத்தி உட்டுட்டுத்தான் நாங்க போவோமுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி முதல் மாதம் நடந்தால் கறுப்பைப் பற்றிய பேச்சு தானாக அடங்கும்.

அந்தப் பட்டியலிலேயே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, கல்லூரி செமஸ்டர், தீபாவளி, பொங்கல், ஊர் மாரியம்மன் நோம்பி எல்லாவற்றையும் வண்ணப் பேனாவால் குறியுங்கள். ஒரே ஞாயிறில் ஆறு பேர் இல்லை என்று தெரிந்தால் லீக் குழுவிடம் தேதி மாற்றம் கேட்பதற்கு அப்போதே அவகாசம் இருக்கும். மேட்சுக்கு மூன்று நாள் முன்பு கேட்டால் கிடைக்காது. விதிப்படி ஏழு பேருக்குக் குறைந்தால் மேட்சே நடக்காது, புள்ளி எதிரணிக்குப் போகும் அபாயம் உண்டு.

வாரம் எப்படி ஓடும்

ஞாயிறு மேட்ச் என்றால் திங்கள் ஓய்வு. செவ்வாய் ஆடியவர்களுக்கு லேசான ஓட்டம், ஆடாதவர்களுக்கு முழுப் பயிற்சி. புதன்தான் கடினமான நாள், 85 நிமிடம் போதும். வியாழன் அணி அமைப்பு, வெள்ளி ஓய்வு, சனி 40 நிமிடம் கார்னரும் ஃப்ரீ கிக்கும். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று 1 முதல் 10-க்குள் ஓர் எண் சொல்லட்டும். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 85 நிமிடம், எண் 7 என்றால் 595. வாரக் கூட்டுத்தொகை போன வாரத்தைப் போல ஒன்றரை மடங்காகத் திடீரென ஏறியிருந்தால், அடுத்த சில நாளில் தசைக் காயம் வருவதற்குத் தயாராக இருங்கள்.

பெண் ஆட்டக்காரர்களுக்கு முழங்காலின் முன் சிலுவை நாண் (ஏ.சி.எல்., முட்டி எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே, குதித்து இறங்கும்போதோ ஓடிச் சட்டெனத் திரும்பும்போதோ முட்டி உள்பக்கம் மடிந்து அறும். அறுந்தால் அந்தச் சீசன் முடிந்தது. இதற்கு வைத்தியத்தைவிட ஃபிஃபா 11+ என்ற உடல் சூடேற்றும் முறை மேல். மொத்தம் 20 நிமிடம்: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் வலு, சமநிலை, குதிப்பு, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் இளம்பெண்கள் அணிகளை வைத்து நடந்து 2008-ல் வெளியான ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். நம் மைதானங்களில் முதலில் வெட்டப்படுவது நடுவில் உள்ள 10 நிமிடம்தான், சலிப்பாக இருக்கிறது என்று. காப்பாற்றுவதும் அந்த 10 நிமிடம்தான். பக்கத்திலிருந்து அல்ல, நேர் எதிரே நின்று பாருங்கள். முட்டி கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும். தப்பாக இறங்குகிறவளிடம் "அம்மிணி, சத்தமில்லாம எறங்கு" என்றால் போதும். சத்தம் வராமல் இறங்கினால் முட்டி தானாக மடங்கிக்கொடுக்கும்.

செம்மண், கரிசல், ஆடிக் காற்று

திருப்பூர், ஈரோடு பக்கம் செம்மண் மைதானம் வெயிலில் சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடும். கோவையின் கரிசல் கோடையில் பிளக்கும், மழையில் ஷூவோடு ஒட்டிக்கொண்டு வரும். கரிசல் வெடிப்பில் கால் சிக்கிக் கணுக்கால் பிசகுவது சாதாரணம். முந்தின நாள் மாலை கோடு போடுவதற்கு முன் மைதானம் முழுக்க நடந்து, விரல் நுழைகிற வெடிப்பையெல்லாம் மணல் கலந்த மண்ணால் மூடுங்கள். அடியில் ஆறு பெரிய ஸ்டட் (குமிழ்) உள்ள ஷூ இந்தத் தரைக்கு ஆகாது. குட்டை ரப்பர் ஸ்டட் நிறைய உள்ளதே பாதத்தையும் முட்டியையும் காக்கும்.

தண்ணீர் தெளிப்பதில் ஒரு கணக்கு. 100 × 64 மீட்டர் மைதானம் 6,400 சதுர மீட்டர். 5,000 லிட்டர் டேங்கரை முழுக்கப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இரண்டு கோல் வாய்க்கும் நடு வட்டத்துக்கும் மட்டும் விட்டால் சுமார் 10 மில்லிமீட்டர் மழை பெய்த மாதிரி. அங்கேதான் அதிகம் விழுவார்கள், அங்கே மட்டும் விடுங்கள்.

கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். சிராய்த்த முழங்காலிலும் கண்ணிலும் பட்டால் எரிந்து புண்ணாகும். வெள்ளைக் கோலமாவு போதும். மொத்தக் கோடு ஏறக்குறைய 700 மீட்டர். முதல் 50 மீட்டருக்கு எவ்வளவு மாவு போனது என்று எடை பார்த்து 14-ஆல் பெருக்கி வாங்குங்கள். மூலை சரியாக வர, 6, 8, 10 மீட்டர் கயிற்று முக்கோணம் பிடித்தால் போதும்.

காற்றை மறந்து கொங்கு நாட்டில் ஆட்டத் திட்டம் போட முடியாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் முழுக்க அடிக்கும். அங்கே காற்றாலை நிற்பதும் அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது 450 கிராம் பந்து எம்மாத்திரம்? 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு டாஸ் ஜெயித்தவர் கோல் பக்கத்தைக் கேட்கலாம், முதல் கிக்கையும் கேட்கலாம். காற்று மாதத்தில் எப்போதும் பக்கத்தைக் கேளுங்கள். காலை எட்டு மணி மேட்சில் நேரம் ஏற ஏறக் காற்று வலுக்கும். அதனால் முதல் பாதியை எதிர்காற்றில் ஆடிவிட்டு, வலுத்த காற்றை இரண்டாம் பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலை மேட்சில் பொழுது சாயும்போது காற்று தணியும், அப்போது நேர்மாறு.

எதிர்காற்றில் கோல் கிக்கைத் தூக்கி அடித்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்பி வரும். 2019 முதல் கோல் கிக்கைப் பெனால்டி கட்டத்துக்குள்ளேயே சக ஆட்டக்காரி வாங்கலாம். அதைப் பழகுங்கள். காற்று கூடவே வரும்போது நடக்கும் தப்பு வேறு: ஃபார்வர்டுக்கு நீளப் பந்து போட்டால் எல்லாம் எதிர் கீப்பர் கைக்கே ஓடும். அந்தப் பாதியில் 20 மீட்டரிலிருந்து கோலை நோக்கி அடிப்பதும், கார்னரைக் கோல் வாய்க்குள் வளைப்பதும்தான் லாபம். சனிக்கிழமைப் பயிற்சியைக் காற்று அடிக்கிற நேரத்திலேயே வையுங்கள்.

ரத்தம், சாப்பாடு, மாதவிடாய்

சீசனின் நடுவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவள் 60-வது நிமிடத்தில் நின்றுவிடுகிறாள் என்றால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. மாத்திரை மருத்துவர் சொல்லித்தான். சீசனுக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை என்று 22 பேருக்கும் பாருங்கள். முருங்கைக்கீரை, கம்பு, ராகி, கொள்ளு எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. கீரையோடு எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இரும்பு உடம்பில் ஒட்டும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

எட்டு மணி மேட்சுக்கு ஐந்தரைக்குள் இட்லியோ சந்தகையோ முடிந்துவிட வேண்டும், ஏழு மணிக்கு ஒரு வாழைப்பழம். பூரிக் கிழங்கு மேட்ச் முடிந்து. இடைவேளைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வைத்தால் போதும், கடை பாட்டில் தேவையில்லை. உப்பு கை மீறினால் வயிறு பிரட்டும். ஆடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அரிசிம்பருப்பு சாதமும் முட்டையும்.

மாதவிடாய்த் தேதிக் குறிப்பை விரும்புகிறவர்கள் மட்டும் பெண் மேலாளரிடம் சொல்லட்டும். அந்த நோட்டு அவரைத் தாண்டிப் போகக் கூடாது. மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாததற்கு அது ஓர் அறிகுறி, எலும்பு முறிவு வரை கொண்டுபோகும். கிட் பையில் நாப்கின் எப்போதும் இருக்கட்டும். வெளியூர் மேட்ச் என்றால் கழிப்பறை, உடை மாற்றும் அறை இருக்கிறதா என்று முந்தின வாரமே போனில் கேளுங்கள்; இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியில் சாவி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஜெர்சி திருப்பூரிலேயே தைக்கலாம், இரண்டு வண்ணத்தில். துணி பாலியஸ்டர். காட்டன் வியர்வையில் கனக்கும். ஷார்ட்ஸ் வெள்ளை வேண்டாம். இங்கிலாந்துப் பெண்கள் அணியே 2023-ல் வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. உள்ளே இறுக்கமாகப் போடும் ஸ்கின்ஸ், மேலே போடும் ஷார்ட்ஸின் நிறத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் ரெஃப்ரி கழற்றச் சொல்வார்.

புள்ளிக் கணக்கு

ஒரு வெற்றி, ஒரு தோல்வி சேர்த்தால் 3 புள்ளி; இரண்டு டிரா 2 புள்ளிதான். வலுக் குறைந்த அணிகளோடு 1-1 என்று நிற்கும்போது கடைசி 15 நிமிடத்தில் ஒரு பேக்கை எடுத்துவிட்டு ஃபார்வர்டை இறக்குவது கணக்கில் சரி. பட்டத்துக்குப் போட்டி போடும் அணியோடு அப்படிச் செய்யாதீர்கள், அங்கே அவர்களின் புள்ளியையும் நீங்கள்தான் கொடுப்பீர்கள். புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசமா, நேருக்கு நேர் முடிவா என்று போட்டி விதியில் முதல் நாளே படியுங்கள். கோல் வித்தியாசம் என்றால் 4-0 முன்னிலையிலும் உட்காரக் கூடாது. எத்தனை மஞ்சள் அட்டைக்கு ஒரு மேட்ச் தடை என்பதும் அந்த விதியில் இருக்கும். நோட்டில் நீங்களே எண்ணுங்கள். தடையில் இருப்பவளை இறக்கிவிட்டு ஜெயித்த மேட்சைக் காகிதத்தில் தோற்ற கிளப்புகள் எல்லா மாவட்டத்திலும் உண்டு.

கடைசி மேட்ச் முடிந்த அன்றே ஜெர்சிகளை எண்ணி வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் யார் யார் இருப்பார்கள், யாருக்குக் கல்லூரி முடிகிறது, யாருக்கு வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்பதையும் பிரியாணிக்கு உட்காருவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு யாரையும் பிடிக்க முடியாது.